கிழக்கு மாடத்து இரண்டு இருக்கைகள்

பெல் லேண்டிங், அலபாமா
நவம்பர் 25

மார்வா,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தால் உன் நாய் என் கால்சட்டையைக் கவ்வுகிறது. அதனால்தான் தபால். நாலு தெரு தள்ளி இருக்கும் உனக்குப் போடுகிற கடிதம் பர்மிங்ஹாம் வரை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்ப இந்த ஊருக்கே வருகிறதாம். வரட்டும். அதற்குள் என் கோபம் ஆறிவிடும் என்று மட்டும் நினைக்காதே.

சனிக்கிழமை ஆட்டத்தில் உன் இருக்கையில் ஒரு டன்மோர்க்காரன் வந்து உட்கார்ந்தான். ஊதாச் சட்டை, ஊதாத் தொப்பி, தொப்பிக்குப் பின்னால் ஒரு நரிவால். நீ விற்ற சீட்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். விவாகரத்தின்போது நீதிபதி உனக்கு வீட்டைக் கொடுத்தார், எனக்கு வண்டியைக் கொடுத்தார், கால்பந்து மைதானத்தின் கிழக்கு மாடத்து இரண்டு இருக்கைகளை ஆளுக்கு ஒன்று என்று பிரித்தார். அன்று முதல் எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் தோளோடு தோள் உட்கார்ந்து நம் பல்கலைக்கழக அணியான நாரைகளின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறோம். ஊர் சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம். ஆனால் எதிரி ஊர்க்காரனை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவன் வேகவைத்த வேர்க்கடலையைத் தின்று தோலை என் ஷூ மேல் துப்பினான். டன்மோர் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டியபோதும் என் முதுகில் ஓங்கி அடித்து, "என்ன பெரியவரே, உங்க நாரைக்கு இன்னும் றெக்க முளைக்கலியா?" என்று கேட்டான். நாற்பத்தொன்றுக்கு ஆறு. எத்தனை முறை அடித்திருப்பான், நீயே கணக்குப் போட்டுக்கொள்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் நம் குவார்ட்டர்பேக், அந்தப் பந்து எறிகிற பயல், டன்மோர் பையன்களோடு தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்துவிட்டான். நாலு வருடத்தில் அவனுக்கு இது நாலாவது இடம். பயிற்சியாளர் டில்லார்டும் போய்விட்டான். ஆட்டத்துக்கு முன்பே வேறு இடத்தில் பேசி முடித்திருக்கிறான். பையன்கள் அதை மைதானத்துக்குப் பேருந்தில் வரும்போது போனில் படித்துத் தெரிந்துகொண்டார்களாம். சீ! இவர்களுக்காகவா நான் தொண்டை கிழியக் கத்தினேன் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நான் வானொலியில் பேசியதுதான் உன் கோபத்துக்குக் காரணம் என்று கேள்விப்பட்டேன். திங்கள்கிழமை ரசிகர் நிகழ்ச்சிக்கு நான் போன் செய்வது புதிதா என்ன? "அந்தப் பளபளா சட்ட போட்ட புள்ளைங்க குட்டிக்கரணம் போடறதுக்கு ஆவுற செலவுல நல்லதா ஒரு குவார்ட்டர்பேக்க வாங்கலாம்ல? ஜிம்னாஸ்டிக்ஸ மூடிட்டு வேலையப் பாருங்கய்யா" என்று சொன்னேன். மனதில் பட்டதைச் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறார்கள். ஜோடி இருக்கைகளை ஜோடியாகத்தான் புதுப்பிக்க முடியும். மார்ச் கடைசிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விட்டால் இரண்டும் போய்விடும். நீ போடாவிட்டால் நான் இருபது வயதிலிருந்து உட்காருகிற இடம் எவனோ ஒருவனுக்குப் போகும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. கையெழுத்தை மட்டும் போட்டுவிடு.

வெண்டல்


டிசம்பர் 3

வெண்டல்,

ஆமாம், வேண்டுமென்றேதான் விற்றேன். வாகனப் பதிவு அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிற ஜன்னலுக்கு அந்த ஆள் நரிவாலை ஆட்டிக்கொண்டு வந்தான். வாயில் புகையிலை, பேச்சில் எச்சில். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உன் பக்கத்தில் உட்கார இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்று தோன்றியது.

நீ வானொலியில் பேசியபோது நான் காரில் இருந்தேன். பக்கத்தில் டேவியா ரவுண்ட்ரீ இருந்தாள். நம் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் பெண், பீம் என்கிற ஒடுங்கிய கட்டையின் மேல் ஆடுகிறவள். முழங்கால் வைத்தியரிடம் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இந்த ஊரில் கார் கிடையாது, சொந்தக்காரர்களும் கிடையாது. உன் குரல் வந்தது. நான் வானொலியை அணைப்பதற்குள் நீ குட்டிக்கரணம் வரை வந்துவிட்டாய். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ் மார்வா, அந்த ஆள் யாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். உன்னோடு பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவளை, ஒரு சின்னப் பெண்ணிடம் உன்னைத் தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டாய்.

இன்னொன்று. தோற்றதற்கு அந்தப் பயல் காரணம் இல்லை. இடது ஓரத் தடுப்பாட்டக்காரன் மூன்றாவது வாரத்திலிருந்து நொண்டுகிறான். அந்தப் பக்கமாகவே டன்மோர் புகுந்து வந்தது. மைதானத்தில் உட்கார்ந்திருந்த உன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

கையெழுத்து வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை. ஜனவரியிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு உள்ளூரில் நாலு போட்டிகள். நாலுக்கும் வர வேண்டும். என் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். முடியும்வரை எழுந்து போகக் கூடாது. நாலும் முடிந்தால் கையெழுத்து.

மார்வா


டிசம்பர் 9

மார்வா,

வருகிறேன். இழுத்துக்கொண்டு போகிற கைதி மாதிரி வருகிறேன். ஆனால் வருகிறேன்.

புதுப் பயிற்சியாளரைப் பார்த்தாயா? மேடையில் நம் ஆரஞ்சு டையைக் கட்டிக்கொண்டு, கையால் நாரை முத்திரை காட்டுகிறேன் என்று தலைகீழாகக் காட்டினான். நாரை செத்து மல்லாந்து கிடக்கிற மாதிரி இருந்தது. பின்னால் நின்ற பெரிய மனிதர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

ஒரு சந்தேகம். ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில், கால்பந்து நாட்களில் எல்லாரும் செய்கிற மாதிரி, அடுப்பு மூட்டி இறைச்சி சுடலாமா? சும்மா கேட்டேன்.

வெண்டல்


ஜனவரி 20

வெண்டல்,

வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முகம் எரிகிறது.

அடுப்பு மூட்டாதே என்று நான் பதில் போடாதது என் தப்பு. அந்தக் குளிரில், காலியான இடத்தில், நீ ஒருத்தன் கூடாரம் போட்டு, கொடி நட்டு, பன்றி விலாவைச் சுட்டுக்கொண்டிருந்தாய். வீடில்லாத யாரோ என்று நினைத்துக் காவலாளி உனக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்தான். அதையும் வாங்கிப் போர்த்திக்கொண்டாய்.

உள்ளே வந்தோம். முதலில் நம் பெண்கள் தரையில் ஆட வந்தார்கள். பாட்டுப் போட்டார்கள். அரங்கமே தாளம் போட்டுக் கை தட்டியது. நீ மட்டும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, முன்வரிசைக் குழந்தைகளைப் பார்த்து, "உஷ்! நம்மாளு ஆடறப்ப சத்தம் போடக் கூடாது" என்று அதட்டினாய். ஒரு குழந்தை அழுதது. அதோடு விட்டிருக்கலாம்.

பிறகு பிரெஸ்காட் கல்லூரிப் பெண் பீமில் ஏறினாள். விருந்தாளி. பதினெட்டு வயது இருக்கும். நாலு விரல் அகலக் கட்டையில் ஒற்றைக் காலில் நின்று, பின்னால் பார்க்காமல் பாயப் போகிறாள். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது நீ எழுந்து நின்றாய். இரண்டு கையையும் வாயில் குவித்தாய். "விடாதீங்கடா! அமுக்குங்கடா! அமுக்குங்கடா!"

யாரை யார் அமுக்குவது, வெண்டல்? அவள் தனியாக நிற்கிறாள்!

விழுந்துவிட்டாள். முழங்கால் கட்டையில் மோதிய சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அரங்கம் முழுக்கத் திரும்பி உன்னைப் பார்த்தது. அதாவது என்னையும். ஒரு போட்டியும் தவறாமல் வருகிற மிஸஸ் புருயிட் எழுந்து வந்து சொன்னாளே, காதில் விழுந்ததா? "ஐயா, இங்க பீம்ல யாரு ஏறினாலும் அவ நம்ம பொண்ணுதான். கத்தணும்னா உங்க மைதானத்துல போயி மாட்டுக்கூட்டத்தோட கத்துங்க." அதற்கு நீ, "அப்பறம் எதுக்கும்மா உள்ளூர்ப் போட்டின்னு பேரு வச்சீங்க?" என்று கேட்டாய்.

உன்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. நிபந்தனையை நான் மாற்றப் போவதில்லை. வாக்கு வாக்குதான். அடுத்த போட்டிக்கு வருவதானால் வாயைத் தைத்துக்கொண்டு வா.

மார்வா


ஜனவரி 24

மார்வா,

என் பக்கத்தையும் கேள். கால்பந்தில் எதிரணி பந்தை எடுத்தால் நாம் கத்த வேண்டும், அவர்களுக்கு ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கக் கூடாது. நம்மவன் எடுத்தால் மூச்சுக்கூட விடக் கூடாது. இதுதான் ரசிகனுடைய வேலை. நாற்பது வருடமாக இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எதிரி ஏறும்போது எல்லாரும் வாயை மூடியதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒருத்தருக்கும் அணிப்பற்று இல்லையே, நாமாவது கத்துவோம் என்று எழுந்தேன்.

ஆனால் அந்தச் சத்தம் என் காதிலும் இருக்கிறது. போட்டி முடிந்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். நான் பிரெஸ்காட் பேருந்தைத் தேடிப் போனேன். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பெயர் ஆட்ரா. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, கத்தினது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். அமுக்குங்கடான்னு கூப்புட்டீங்க. ஒருத்தரும் வரல" என்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்காம? எங்கப்பா உங்கள விட மோசம் சார். அவரு சர்ச்சுலயே கத்துவாரு" என்றாள். மீதியிருந்த விலாவை எல்லாம் கொடுத்தேன். பேருந்து முழுக்கப் பிய்த்துத் தின்றார்கள். அவர்கள் பயிற்சியாளர் அம்மா என்னை முறைத்த முறைப்பு உன் முறைப்புக்குக் குறைந்ததில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். விழுந்தவள் உடனே எழுந்து, நொண்டிக்கொண்டே திரும்ப ஏறி, மிச்சத்தை ஆடி முடித்தாள். நம் பயல்கள் விழுந்தால் தூக்க மூன்று பேர் வருகிறார்கள். மறுநாள் வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்ததற்கு வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

வெண்டல்


பிப்ரவரி 17

மார்வா,

வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்த்துவிட்டு மனிதன் சும்மா இருக்க முடியுமா?

உன் டேவியா பீமில் ஏறினாள். முழங்காலில் கட்டு. பின்னால் இரண்டு பாய்ச்சல், அடுத்தடுத்து. பிசகவில்லை. கடைசியில் சுழன்று இறங்கினாள் பார், ஆணி அடித்த மாதிரி நின்றாள். என் கையில் மயிர்க்கூச்செறிந்தது, வேண்டுமானால் பார்த்துக்கொள். கால்பந்தில் கடைசியாக எனக்கு அப்படி ஆனது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அதற்கு 9.85! அந்த நீலக் கோட்டு நடுவர் பத்துக்கு ஒரு துளி குறையாமல் கொடுத்திருக்க வேண்டும். நான் எழுந்து, "கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரும்மா!" என்றது உண்மைதான். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் போனதும் உண்மைதான். கால்பந்து நடுவர்கள் திருடர்கள் என்று நினைத்தேன். இவர்கள் முகத்தில் புன்சிரிப்போடு திருடுகிறார்கள்.

இன்று காலையில் வானொலிக்குப் போன் செய்து அதைத்தான் சொன்னேன். நிகழ்ச்சி நடத்துகிற டெக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ் வெண்டல், என்னய்யா ஆச்சு உனக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? புது குவார்ட்டர்பேக்கப் பத்திப் பேசுவேன்னு பாத்தா பீமுங்கற, காலுங்கற!" எனக்குப் பிறகு பேசியவன் எல்லாம் என்னையே கிண்டல் செய்தான். மத்தியானம் புல்வெட்டும் எந்திரத்தைப் பழுது பார்க்க என் கடைக்குக் கொண்டுவந்த ஒருத்தன், "ஒரு குட்டிக்கரணம் போடு, அப்பத்தான் காசு" என்றான். ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிற இந்தக் கூட்டத்தோடுதானா இத்தனை நாள் ஒன்றாகக் கத்தினேன்?

வெண்டல்


பிப்ரவரி 22

வெண்டல்,

9.85 சரிதான். இறங்கும்போது இடது குதிகால் அரை அங்குலம் நகர்ந்தது. நடுவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. டேவியாவுக்கும் தெரியும். உனக்குத்தான் கண்ணாடி வேண்டும்.

அவள் மறுபடியும் கேட்டாள், "மிஸ் மார்வா, அந்தக் கத்தற ஆளு யாரு?" என்று. இந்த முறை தெரியும் என்று சொன்னேன்.

பொத்தானை அனுப்பியிருக்கிறேன். தைத்துத் தர மாட்டேன்.

மார்வா


மார்ச் 11

வெண்டல்,

நீ நாலும் முடித்துவிட்டாய். போன வெள்ளிக்கிழமை கடைசிப் போட்டி முடிந்ததும், "என்னா, கையெழுத்து உண்டா?" என்று கேட்டாய். நேற்றுக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் இருக்கை அலுவலகத்துக்குள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் செய்தி வந்தது. நீயும் கேட்டிருப்பாய். இந்தப் பருவத்தோடு ஜிம்னாஸ்டிக்ஸ் அணியை மூடுகிறார்கள். கால்பந்துப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமாம். பெண்களை எல்லாம் ஓர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் நேரில் வரவில்லை. திரையில் முகத்தைக் காட்டி, கடினமான முடிவு என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மறைந்துவிட்டார். கதவுப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி இருந்ததாம், அணியின் மேலங்கிகளைத் திருப்பிப் போட. டேவியாவுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. என் சமையலறையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை. "பொட்டியில நான் போடல மிஸ் மார்வா, போட்டுக்கிட்டே வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பத்திரிகைக்காரர்களிடம் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரசிகர்கள்தான் இதைக் கேட்டார்கள். வானொலியில்கூடத் தெளிவாகச் சொன்னார்கள்" என்றார். எந்த ரசிகர் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பிப்ரவரியில் நீ பேசியது அவர் காதில் விழவில்லை. நவம்பரில் பேசியது மட்டும் விழுந்திருக்கிறது. உன்னால்தான் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் மூடியிருப்பார்கள். நீ அவர்கள் கையில் ஒரு சாக்கைக் கொடுத்தாய், அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்துக்குள் நடந்து போனதையும், அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்ததையும் நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

மார்வா


மார்ச் 19

மார்வா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கள்கிழமை வானொலிக்குப் போன் செய்தேன். "டெக்ஸ், நவம்பர்ல நான் பேசுனது மடத்தனம். அத எடுத்து அந்தாளு தலைல கிரீடமா வச்சுக்கிட்டுத் திரியறான். அந்தப் புள்ளைங்க ஆடறத ஒரு நாள் அவன் வந்து பாத்திருப்பானா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மெத்தை விளம்பரம் போட்டுவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாற்பத்தொன்றுக்கு ஆறு என்று தோற்றபோது அரை மணி நேரம் பேசவிட்டவர்கள் இவர்கள்.

அன்று முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. செப்டம்பரில் அந்த மைதானத்தில் போய் உட்கார்ந்தால் என்ன பார்ப்பேன் என்று யோசித்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஒவ்வொருத்தனைப் பார்க்கும்போதும் அந்த அட்டைப் பெட்டி ஞாபகம் வரும். என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

நேற்று இருக்கை அலுவலகத்துக்குப் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். இருக்கையை விடுகிறேன் என்றேன். "காரணம் என்ன சார் போடட்டும்? இறப்பு, இடமாற்றம், மற்றவை, மூணுதான் இருக்கு" என்றாள்.

"அருவருப்புன்னு போடும்மா."

"அது இல்ல சார்."

"அப்ப மற்றவைன்னு போடு. ஆனா நான் சொன்னத உங்க தலைவர் கிட்ட சொல்லிடு."

"அவர நான் பாத்ததே இல்ல சார்" என்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன பயன்.

ஒன்றை விட்டால் இரண்டும் போகும் என்று சொன்னாள். தெரியும், போகட்டும் என்றேன். இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வாக்குக் கொடுத்துவிட்டாய் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். அந்தத் தொல்லை இனி உனக்கு இல்லை. என்னால் உனக்கு ஒரு நல்லதாவது நடக்கட்டும் என்று நினைத்தேன்.

வெளியே வந்து வண்டிக் கதவைத் திறக்கிறேன், போனில் செய்தி வருகிறது. உங்கள் இருக்கைகள் வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டன, நாரைகள் குடும்பத்தில் இருந்ததற்கு நன்றி என்று. எந்திரம் அனுப்பிய செய்தி. நான் இன்னும் வண்டியில் ஏறக்கூட இல்லை. நாற்பது வருடம் அங்கே கத்தியிருக்கிறேன் மார்வா, ஒரு ஆள் எழுந்து வந்து கை குலுக்கவில்லை.

ஆனாலும் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. உன் முகத்தில் விழிக்கிற தைரியம் இப்போதுதான் எனக்கு வந்திருக்கிறது.

வெண்டல்


மார்ச் 25

வெண்டல்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். வானொலி, மெத்தை விளம்பரம், நல்ல சட்டை, அதுவரை வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவில்லை. "அருவருப்புன்னு போடும்மா" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். இந்த மனிதன் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டையும் எழுதிக் கொடுத்தாயா?

அதில் ஒன்று என்னுடையது. நீதிபதி எனக்குக் கொடுத்தது. என் கையெழுத்து அதில் இருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? உன்னோடு பேச்சு நின்ற பிறகும் எட்டு வருடம் எதற்கு அங்கே வந்து உட்கார்ந்தேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? உன் முழங்கை என் விலாவில் இடிக்க வேண்டும் என்றா வந்தேன்? எனக்குக் கால்பந்து பிடிக்கும், வெண்டல். உன்னைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே பிடிக்கும். டன்மோர் ஆட்டத்தன்று உன் மேல் இருந்த கோபத்தில் சீட்டை விற்றுவிட்டு, வீட்டில் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்து தவித்தேன். இடது ஓரத்தில் ஓட்டை இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

அந்தத் தலைவரையும் அவர் திரையையும் பார்த்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. அந்த அலுவலகம் குமட்டுகிறது. செப்டம்பரில் அந்த மாடத்தில் உட்கார்ந்து, அவர் மைதானத்துக்குள் வரும்போது எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட வேண்டும் என்றிருந்தேன். பெண்கள் எல்லாரும் மேலங்கியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டேவியாவுக்கு உன் இடத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். கேட்டு வாங்கலாம் என்று, வெண்டல். கேட்டு.

கோட்டுப் போட்ட ஒரு கூட்டம் கூடிப் பேசி என் ஜிம்னாஸ்டிக்ஸை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த கால்பந்தை நீ ஒருத்தனே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு. அவர்களும் எங்களைக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. கல்யாணம் ஏன் நிற்கவில்லை என்று ஊரில் எத்தனையோ கதை சொல்கிறார்கள். நீயும் ஏதேதோ சொல்லிக்கொண்டு திரிகிறாய். இதுதான் காரணம். இதே காரணம்தான்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். திரும்பத் தர முடியாது என்றாள். காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுக்கலாம் என்றாள். "எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "பதினஞ்சு வருஷம்கூட ஆவலாம் மேடம்" என்றாள். எழுதிக்கொள் என்றேன். எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அவளே, "சார் பேரையும் சேத்துடட்டுமா மேடம், பக்கத்துப் பக்கத்துல கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"அவரக் கேக்காம நான் எப்படிம்மா சொல்றது?" என்றேன்.

மார்வா